துணையாள்

ஜனவரி 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். போன மாதம் போனில் பேசியபோது லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டிருந்தாயே, அந்த இருமல் கிளம்பிவிட்டதா, இல்லை வாடகை கொடுக்காமல் இன்னும் குடியிருக்கிறதா?

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. போனில் உன்னோடு பேச உட்கார்ந்தால் உன் அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "சாப்பிட்டாளான்னு கேளு, தூங்கினாளான்னு கேளு" என்று குறுக்கே விழுவார். உருப்படியாக நாலு வார்த்தை பேச முடிவதில்லை. கடையில் மதியம் ஆள் வராத நேரம் நிறைய இருக்கிறது. மூக்குக்கண்ணாடிகளையெல்லாம் துடைத்து வைத்துவிட்டு எதிரே தொங்கும் எழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசி வரிகூட மனப்பாடமாகிவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். நீ இத்தனை வருஷமாக என்ன வேலைதான் பார்க்கிறாய்? சிரிக்காதே. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து "அவ கோர்ட்டுல ஏதோ பண்றா" என்பதற்குமேல் யாரும் எனக்குச் சொன்னதில்லை. உன் அண்ணனைக் கேட்டால், "திருடனுங்களுக்குத் தாலாட்டு பாடறா" என்பார். ஜெயிலுக்குப் போக வேண்டியவர்களை வெளியிலேயே வைத்துத் திருத்துகிறீர்களாமே, எப்படி? முதல் நாள் வந்து உட்காருகிறவரிடம் என்ன கேட்பாய்? உன் அறையில் பூட்டு உண்டா? அவர்கள் பொய் சொன்னால் உனக்குத் தெரியுமா?

அண்ணன் நலம். முதுகு வலி என்று டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு போட்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இப்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறார்.

பதிலைக் கடை விலாசத்துக்கே போடு. வீட்டுத் தபால் பெட்டியில் பூட்டு கெட்டுக் கிடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இருமல் காலி செய்துவிட்டது. நீங்கள் சுகம் என்று அறிந்து சந்தோஷம். அண்ணனின் முதுகுதான் கவலையாக இருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வினை.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்ட முதல் ஆள் இந்தக் குடும்பத்திலேயே நீங்கள்தான். பெரியப்பா இன்றைக்கும் என்னை டைப்பிஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கேட்டுவிட்டீர்கள், இனி தப்ப முடியாது. என் அறை ஓர் அச்சகத்துக்கு மேலே இருக்கிறது. இயந்திரம் ஓடினால் மேஜை லேசாக நடுங்கும். புதிதாக வருகிறவர்கள் தங்கள் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து மேஜைக்குக் கீழே மறைத்துக்கொள்வார்கள். பூட்டு கிடையாது. கதவே சரியாகச் சாத்தாது, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறோம். எனக்கு ஒரு நாற்காலி, எதிரே இரண்டு.

முதல் நாள் "ஏன் செஞ்சீங்க" என்று கேட்கமாட்டேன். அதைப் போலீஸ், வக்கீல், நீதிபதி எல்லோரும் கேட்டாகிவிட்டது. "நீங்க வீட்டுக்கு வர லேட்டானா யாரு வாசலைப் பார்த்துட்டு இருப்பாங்க?" என்று கேட்பேன். பெரிய பெரிய முரடர்கள் இந்த இடத்தில் கூரையைப் பார்ப்பார்கள். யார் பெயரைச் சொல்கிறார்களோ அவர்தான் அந்த ஆளுக்குத் துணையாள். துணையாள் இல்லாமல் எங்கள் திட்டத்தில் யாரையும் சேர்க்க முடியாது. அந்த இரண்டாவது நாற்காலி அவருக்குத்தான்.

இப்போது என்னிடம் ஒரு லிப்ட் மெக்கானிக் வருகிறார். பெயர் சொல்லமாட்டேன், அது எங்கள் தொழில் தர்மம். குடித்துவிட்டு ஒருவர் கையை உடைத்தவர். ஒரு வருஷம் குடிக்கக் கூடாது, வாரா வாரம் வந்து சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், கை உடைந்தவருக்கு ஆக வேண்டிய உதவிகளைச் செய்ய வேண்டும். துணையாள் அவர் மனைவி, தையல்காரர். நான் அவரைக் கேட்டால் மனைவி பதில் சொல்கிறார். "தூக்கம் எப்படி?" என்றால், "நல்லா தூங்கறாரும்மா" என்று இவர். அப்போது நான் ஒரு டம்ளர் தண்ணீரை அந்தம்மாவிடம் நீட்டுவேன். மரியாதைக்கு வாங்கிக் குடிப்பார். வாயில் தண்ணீர் இருக்கும்போது யாரும் பேச முடியாது அல்லவா? அந்த இடைவெளியில் மெக்கானிக் வாயைத் திறந்துவிடுவார். இதை எந்தப் படிப்பிலும் சொல்லித் தரவில்லை, எனக்கே தோன்றியது.

பொய் சொன்னால் தெரியுமா என்றீர்களே. தெரியும். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை.

அண்ணனுக்கு முதுகுக்கான உடற்பயிற்சிப் படங்கள் வைத்திருக்கிறேன். கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம்தானே? நாங்களும் அப்படியே. படங்கள் கிடைத்தன. உன் அண்ணன் தரையில் மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கினார், பிறகு அப்படியே தூங்கிவிட்டார்.

தண்ணீர் டம்ளரைப் படித்துக் கடையில் தனியாகச் சிரித்தேன். பவர் பார்க்க வந்தவர் என்னையே ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் எனக்கு அந்தத் தையல்காரம்மா மேல்தான் நினைப்பு. அவளுக்கு அங்கே என்ன வேலை? கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பதா? இல்லை வீட்டிலும் ஏதாவது செய்ய வேண்டுமா? புருஷன் ஒரு நாள் தவறிவிட்டால் அவள்தான் வந்து சொல்ல வேண்டுமா? சொன்னால் அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவீர்களா? அவள் கையெழுத்தே போடமாட்டேன் என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கேள்வியாகவே கேட்கிறாளே என்று நினைக்காதே. தொடர்கதையில் பாதியில் நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. அந்தம்மா வீட்டுக்குப் போனதும் அவரோடு சண்டை போடுவாளா, பேசாமல் இருப்பாளா? அதையும் கேட்டு எழுது.

அண்ணன் நலம். முதுகு அப்படியேதான்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம், நலம். உங்கள் கேள்விகளை என் மேலதிகாரியிடம் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணிய வேலைக்கு எடுத்துக்கலாம் போலிருக்கே" என்றார். தலைகால் புரியவில்லை எனக்கு.

துணையாள் காவல்காரர் இல்லை. முதல் நாளே அதைச் சொல்லிவிடுவோம். ஆனால் ஒன்று உண்டு. வீட்டில் குடித்தது தெரிந்தால் அடுத்த பரிசோதனைக்கு முன்னால் எங்களிடம் வந்து சொல்ல வேண்டும். அவரே வந்து சொன்னால் இன்னும் நல்லது. அப்படிச் சொல்லிவிட்டால் நீதிபதி அதைச் சறுக்கல் என்றுதான் எடுத்துக்கொள்வார். சிகிச்சைக்கு அனுப்புவார், காலத்தை நீட்டுவார். மறைத்து, பிறகு நாங்களாகக் கண்டுபிடித்தால் திட்டம் ரத்து, நேராகச் சிறை. கையெழுத்துப் போட ஆளே இல்லையென்றாலும் சிறைதான்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சுலபமாக இருக்கிறது அல்லவா? உள்ளே அப்படி இல்லை. சொல்வது காட்டிக்கொடுப்பது என்று எல்லாத் துணையாட்களும் நினைக்கிறார்கள். பாசம் அதிகமாக இருக்கிற வீட்டில்தான் அதிகம் மறைக்கிறார்கள். அந்தத் தையல்காரம்மா சண்டையும் போடமாட்டாராம், பேசாமலும் இருக்கமாட்டாராம். புருஷன் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து மோந்து பார்ப்பாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

அண்ணன் இதையெல்லாம் கேட்டால் என்ன கிண்டல் செய்வான் என்று நினைத்தால் இப்போதே காது சிவக்கிறது. அவனிடம் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
நாத்தனார்


மார்ச் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். நீயும் நலம்தானே?

கடையில் வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன். இருமல் மருந்து குடித்தால் அந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்குமா? ஒரே ஒரு தடவை குடித்திருந்தால் எத்தனை நாள் வரை தெரியும்? மோந்து பார்த்த சட்டையில் வாசனை இருந்தது, ஆனால் ஆள் அழுதுகொண்டு இனிமேல் இல்லை என்று கையைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள். அப்போதும் அந்தம்மா சொல்லத்தான் வேண்டுமா? நீ அவளிடம் என்ன சொல்வாய்? உன் அறைக்கு வந்து முன்னால் உட்கார்ந்தவளுக்குச் சொல்வது போலவே எழுது.

சீக்கிரம் எழுது.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் உடம்பால் நலம். மனசுதான் சரியில்லை.

எப்படித்தான் உங்களுக்குத் தோன்றியதோ, நீங்கள் கேட்டபடியே நடந்துவிட்டது. லிப்ட் மெக்கானிக் குடித்திருக்கிறார். அந்தம்மாவுக்குத் தெரியும். கையைப் பிடித்து அழுதாராம், விட்டுவிட்டார். பரிசோதனைக்கு வந்த அன்று இருமல் மருந்து என்றார்கள் இருவரும், ஒரே குரலில், ஒத்திகை பார்த்ததுபோல. பரிசோதனையில் வந்த அளவைப் பார்த்தாலே அது வேறு, இது வேறு என்று தெரியும். திட்டம் ரத்தாகிவிட்டது. அவரை அழைத்துப்போனபோது அந்தம்மா என் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "காப்பாத்தத்தானேம்மா மறைச்சேன்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஆகவே, முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். சொல்லிவிடுங்கள். அழுகிறவர் உண்மையாகத்தான் அழுகிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அழுகையை நம்பி மறைத்தால் அடுத்த தடவைக்கும் நீங்களே கதவைத் திறந்து வைத்ததாகிவிடும். உடனே போய்ச் சொல்லிவிடுங்கள். என் கூடப்பிறந்தவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு இதே பதில்தான்.

நல்ல கதையாக எழுதலாம் என்று நினைத்தேன். இப்படி ஆகிவிட்டது. அண்ணனுக்கு முதுகு எப்படி? நீங்கள் எழுதவே இல்லை.

அன்புடன்,
நாத்தனார்


ஏப்ரல் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தினமும் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் வருகிறேன். நீ நலமா? அந்தத் தையல்காரம்மா எப்படி இருக்கிறாள்?

உன் அண்ணனுக்கு முதுகு வலி இல்லை. போன வருஷக் கடைசியில் ஒரு விருந்தில் குடித்துவிட்டு டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு வந்து, மருந்துக் கடையிலிருந்து வெளியே வந்த ஒருவர்மேல் மோதினார். அவருக்குக் கால் முறிந்தது, இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். லைசன்ஸ் போய்விட்டது. ஜெயிலுக்குப் பதிலாக இங்கே உன்னுடையதைப் போன்ற ஒரு அலுவலகத்துக்கு வாரா வாரம் போகிறோம். இரண்டாவது நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உன் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

உனக்கு மட்டும் தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். "உலகத்துல யாருக்கு வேணும்னாலும் சொல்லு, அவளுக்குச் சொன்னா நான் செத்தேன்" என்றார். உன்னைக் கிண்டல் செய்த வாய் அல்லவா?

காதில் பூ சுற்றினேன் என்று கோபப்படாதே. சொந்தக்காரியாகக் கேட்டிருந்தால் சொந்தத்துக்கு என்ன பதிலோ அதைத்தான் சொல்லியிருப்பாய். எனக்கு நீ வெளியாட்களுக்குச் சொல்லும் பதில் தேவைப்பட்டது.

மார்ச் தொடக்கத்தில் ஒரு தடவை குடித்தார். எப்படியோ அந்த வாரம் தப்பியது. நான் சொல்லவில்லை. கையைப் பிடித்து அழுதார். இப்போது நேற்று மறுபடி. நீ எழுதியது அப்படியே நடந்துவிட்டது. வியாழக்கிழமை போக வேண்டும். சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் போக மனசு வரவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது, நான் உனக்கு எழுதுவதும் தெரியாது. விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

சொல்லாதீர்கள்.

வியாழக்கிழமை உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போடுங்கள். டாக்டர் சீட்டு ஒன்று வாங்குங்கள். அடுத்த வாரம் பரிசோதனையில் எதுவும் தெரியாது. இரண்டு தடவை என்று அவர்களுக்குத் தெரிந்தால் எந்த நீதிபதியும் சறுக்கல் என்று எடுத்துக்கொள்ளமாட்டார். நான் முன்னால் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், அது வேறு ஆளைப் பற்றி எழுதியது. அண்ணன் சிறையில் ஒரு வாரம் தாங்கமாட்டான். நான் அங்கே போய்வருகிறவள், எனக்குத் தெரியும்.

லீவு கிடைத்ததும் வருகிறேன். அதுவரை ஒன்றும் சொல்லாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

குட்டி


மே 5

அருமைத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நான் சுகம், உன் அண்ணி சுகம். நீ எப்படி இருக்கிறாய்? நான் கடிதம் எழுதிப் பல வருஷமாகிறது, கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன மாதம் அண்ணிக்கு நீ எழுதிய கடிதத்தில், பதற்றத்தில் உன் கை பழக்க தோஷத்தில் வீட்டு விலாசத்தை எழுதிவிட்டது. அண்ணி கடையில் இருந்தாள். அவள் பெயருக்கு வந்த உறையைப் பிரித்தேன். தப்புதான். என் கணக்கில் இப்போது அது சின்னத் தப்பு.

படித்ததும் முதலில் சந்தோஷம் வந்தது. என் தங்கை என் பக்கம் என்று ஒரு துள்ளல். இன்னொரு தடவை படித்தேன், துள்ளல் போய்விட்டது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு நீயே போய்க் கதவைத் தட்டிச் சொன்னவள், கூடவே என்னையும் மாட்டிவிட்டவள். அப்படிப்பட்டவள் டாக்டர் சீட்டு வாங்கச் சொல்லி எழுதுகிறாள் என்றால் என்னால் உனக்கு என்ன ஆகிவிட்டது என்று நினைத்தேன். கார் மோதிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணி ஒருவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை உட்காரவைத்துவிட்டுப் படித்தாள். கைப்பையிலிருந்து உன்னுடைய பழைய கடிதத்தையும் எடுத்து என் கையில் கொடுத்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பதுபோல, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அந்த வாடிக்கையாளர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "முதல்ல போட்டதே பரவாயில்லைம்மா" என்றார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

வியாழக்கிழமை நானே சொன்னேன். இரண்டு தடவை குடித்ததையும் சொன்னேன். ஆபீசர் அம்மா எழுதிக்கொண்டார். அண்ணியும் முதல் தடவையை மறைத்ததைச் சொன்னாள். நீதிபதி நன்றாகக் காய்ச்சி எடுத்தார். சிகிச்சைக்கு அனுப்பினார், காலத்தை இன்னொரு வருஷம் நீட்டினார். அங்கிருந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் கதை முடியவில்லை. அண்ணி துணையாளாக இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆபீசரிடம் நேராகவே சொன்னாள்: "இவரு சட்டைய மோந்து மோந்து எனக்கு மூக்கே மரத்துப்போச்சுங்க. நான் இவருக்குப் பொண்டாட்டியா மட்டும் இருந்துக்கறேன், விட்ருங்க." எனக்குக் கோபமே வரவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வேறு துணையாள் வேண்டும், இல்லையென்றால் உள்ளேதான். கூடவே குடியிருக்க வேண்டியதில்லையாம். தினமும் போனில் பேச வேண்டும், மாதம் ஒரு தடவை நேரில் வர வேண்டும்.

யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். உன்னைச் சொன்னேன். "அவங்க நீங்க தப்பு பண்ணா எங்ககிட்ட சொல்றவங்களா?" என்று ஆபீசர் கேட்டார். நாலு மாதம் முன்னால் என்றால் யோசிக்காமல் ஆமாம் என்றிருப்பேன். டாக்டர் சீட்டு வாங்கச் சொன்ன கடிதத்தைப் பார்த்த பிறகு என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டு எழுதுகிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன், குட்டி. சொல்வாயா? எனக்காக ஆமாம் என்று எழுதாதே. யோசித்து எழுது.

அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீ சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தது பெரிய நிம்மதி. அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல். என்மேல் வருத்தம் இருந்தால் அதையும் கேட்டு எழுது.

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஆமாம் என்று எழுத ஒரு நிமிஷம் போதும். ஆனால் நீ சறுக்கிவிட்டு என் கையைப் பிடித்து அழுதால் நான் என்ன செய்வேன் என்று தினமும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் மற்றவர்களைக் கேட்டுப் பழகிய கேள்வி அது. அந்தத் தையல்காரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் உட்காரச் சொன்னார், நடந்ததைச் சொன்னேன். "உங்களுக்கும் அப்படித்தானாம்மா?" என்று கேட்டுவிட்டுத் தைக்க ஆரம்பித்தார்.

என் மேலதிகாரியிடம் நான் அண்ணிக்கு எழுதியதைச் சொன்னேன். எச்சரிக்கை கொடுத்தார். உன் ஆபீசருக்கும் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நான் உங்களை ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அப்புறம். முதல்ல உங்க அண்ணனுக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

யோசித்துத்தான் எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறேன், கையெழுத்துப் போட.

சொல்வேன், அண்ணா. நீ அழுதாலும் சொல்வேன், நான் அழுதுகொண்டும் சொல்வேன். உன்னிடம் சொல்லிவிட்டுப் போய் அவர்களிடம் சொல்வேன்.

தங்கை